எந்த ஆய்விதழைப் படிப்பது? குமரி எல்லையோர பிசியோதெரபிஸ்டுகளுக்கான கேள்வி பதில்

நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம், களியக்காவிளை வழியாகப் பாறசாலை, நெய்யாற்றின்கரை வரை கிளினிக் நடத்துபவர்களும் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்ப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. படிக்க நேரம் குறைவு, பணம் கொடுத்து வாங்க வசதி குறைவு, ஆனால் நோயாளிக்குச் சரியானதைச் செய்ய வேண்டும் என்ற அக்கறை நிறைய. அந்த நிலையில் இருப்பவர்களை மனதில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

நூற்றுக்கணக்கில் ஜர்னல்கள் இருக்கின்றன. எங்கே தொடங்குவது?

உங்கள் ஓ.பி. நோட்டில் தொடங்குங்கள். கடைசி மூன்று மாதப் பக்கங்களை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரே சொல்லில் பிரச்சினையை எழுதுங்கள்: இடுப்பு, கழுத்து, தோள், முட்டி, ஸ்ட்ரோக், தண்டுவடம், குழந்தை, ஆபரேஷனுக்குப் பிறகு. பிறகு இரண்டு விதமாக எண்ண வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள் என்பது ஒன்று. ஒவ்வொரு பிரச்சினைக்கும் மொத்தம் எத்தனை சிட்டிங் ஆனது என்பது இன்னொன்று. இரண்டும் வேறு வேறு படத்தைக் காட்டும். ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளிகளின் இடுப்பு வலி, அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) நாள் முழுக்கத் தரையில் உட்காரும் பெண்களின் முட்டி, சர்க்கரை நோயாளிகளின் இறுகிய தோள் ஆகியவை தலைக்கணக்கில் முன்னால் நிற்கும். தென்னையிலிருந்தோ பனையிலிருந்தோ விழுந்து தண்டுவடத்தில் அடிபட்டவர் ஒருவர்தான் இருப்பார், ஆனால் அவர் ஒருவருக்கே மாதக்கணக்கில் வேலை இருக்கும்.

அதே தாளில் இன்னொரு பத்தி போட்டு, சிகிச்சையின்போது உங்களுக்கு விடை தெரியாமல் நின்ற கேள்விகளையும் எழுதுங்கள். "சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்குத் தோளை எவ்வளவு அழுத்தி நீட்டலாம்?" என்ற மாதிரி. இந்தப் பத்திதான் எந்த ஜர்னல் வேண்டும் என்பதைச் சொல்லும். பேராசிரியர் சொன்னார், தரவரிசையில் முதலிடம் என்றெல்லாம் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஜர்னல்கள் இரண்டு மாதத்தில் திறக்கப்படாமல் மெயிலில் தேங்கிவிடும்.

சரி, எண்ணிப் பார்த்தாயிற்று. எந்தப் பிரச்சினைக்கு எந்த ஜர்னல்?

எல்லோருக்கும் பொதுவாக ஒன்று வேண்டுமென்றால், ஆஸ்திரேலிய பிசியோதெரபி சங்கம் வெளியிடும் 'ஜர்னல் ஆஃப் பிசியோதெரபி'. வருடத்துக்கு நான்கு இதழ். முழுதும் இலவசம், எழுதுபவரும் கட்டணம் கட்டத் தேவையில்லை. பிற ஜர்னல்களில் வந்த நல்ல ஆய்வுகளை எடுத்து ஒரே பக்கத்தில் சுருக்கி, எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்று ஒரு நிபுணரின் கருத்தோடு போடும் பகுதி அதில் உண்டு. அளவுகோல்களையும் கேள்வித்தாள்களையும் ஒன்றரைப் பக்க அளவில் அறிமுகப்படுத்தும் பகுதியும் உண்டு. ஒரு ஜர்னல்தான் படிக்க முடியும் என்பவருக்கு நாங்கள் தயங்காமல் சொல்வது இதைத்தான்.

எலும்பு, மூட்டு, தசை நோயாளிகள் அதிகம் என்றால் 'ஜர்னல் ஆஃப் ஆர்த்தோபீடிக் அண்ட் ஸ்போர்ட்ஸ் பிசிக்கல் தெரபி', சுருக்கமாக ஜே.ஓ.எஸ்.பி.டி. 1979 முதல் வருகிறது. இதன் மதிப்பு பெரும்பாலும் சிகிச்சை வழிகாட்டிகளில் இருக்கிறது. கழுத்து வலிக்கு 2017, இடுப்பு வலிக்கு 2021, குதிகால் வலிக்கு 2023 என்று திருத்திய பதிப்புகள் வந்துள்ளன. மற்ற கட்டுரைகளுக்குப் பணம் கேட்டாலும் வழிகாட்டிகளை இலவசமாகப் படிக்கலாம். ஒவ்வொரு பரிந்துரைக்கும் பக்கத்தில் ஆங்கில முதல் எழுத்துகளில் ஒரு தரம் போட்டிருப்பார்கள். ஏ என்றால் ஆதாரம் வலுவானது, எஃப் என்றால் நிபுணர்களின் கருத்து மட்டும். அந்த எழுத்தைப் பார்க்காமல் பரிந்துரையை மட்டும் எடுத்துக்கொண்டு போவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

நரம்பு சார்ந்தவற்றுக்கு 'ஜர்னல் ஆஃப் நியூராலஜிக் பிசிக்கல் தெரபி', 'நியூரோரிஹேபிலிடேஷன் அண்ட் நியூரல் ரிப்பேர்'. முன்னது நேரடியாகச் சிகிச்சைக்கு உதவும். பின்னதில் மூளையின் இயக்கம் பற்றிய ஆய்வுகள் அதிகம் என்பதால் கிளினிக்கில் வேலை செய்பவருக்கு எல்லாக் கட்டுரையும் பயன்படாது. தண்டுவடத்துக்கு 'ஸ்பைனல் கார்ட்'. பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளைப் பார்ப்பவர்களுக்கு 'டெவலப்மென்டல் மெடிசின் அண்ட் சைல்டு நியூராலஜி', 'பீடியாட்ரிக் பிசிக்கல் தெரபி'. வீடு வீடாகப் போய்ச் சிகிச்சை கொடுப்பவர்களும் பாலியேட்டிவ் குழுவோடு போகிறவர்களும் 'டிசபிலிட்டி, சிபிஆர் அண்ட் இன்க்ளூசிவ் டெவலப்மென்ட்' என்ற இலவச இதழைப் பார்க்கலாம். வளரும் நாடுகளின் சமூகம் சார்ந்த மறுவாழ்வுப் பணிதான் அதன் களம்.

ஸ்ட்ரோக் நோயாளிகள்தான் எனக்கு அதிகம். பிசியோதெரபி ஜர்னல் மட்டும் போதுமா?

போதாது. நம் வேலையையே மாற்றிய சில ஆய்வுகள் பிசியோதெரபி ஜர்னலில் வரவில்லை. இரண்டைச் சொல்லலாம். இரண்டும் 'தி லான்செட்'டில் வந்தவை.

2015-இல் வந்த அவெர்ட் ஆய்வில் 2,104 நோயாளிகள். ஸ்ட்ரோக் வந்த 24 மணி நேரத்துக்குள் அதிக அளவில் எழுப்பி உட்காரவைத்து நடக்கவைத்தால் நல்லது என்று உலகெங்கும் நம்பியிருந்தோம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், அப்படித் தீவிரமாகச் செய்தவர்களில் 46 சதவீதம் பேர் நல்ல நிலையில் இருந்தார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் அது 50 சதவீதம். அதோடு விட்டால் "முதல் நாள் தொடவே கூடாது" என்று தப்பாகப் புரிந்துகொள்வோம். அடுத்த ஆண்டு அதே குழு 'நியூராலஜி'யில் வெளியிட்ட, எவ்வளவு நேரம், எத்தனை முறை எழுப்பினார்கள் என்ற சிகிச்சை அளவைப் பற்றிய பகுப்பாய்வில், ஒரே தடவையில் நெடுநேரம் எழுப்பி வைப்பதைவிடச் சிறிது நேரமாக அடிக்கடி எழுப்புவது நல்ல பலனோடு சேர்ந்து வருவது தெரிந்தது. முதல் கட்டுரையைப் படித்து இரண்டாவதைத் தவறவிட்டவர் சிகிச்சையையே தவறவிட்டிருப்பார்.

2017-இல் வந்த அட்டெண்ட் ஆய்வு நம் நாட்டிலேயே நடந்தது. 14 ஆஸ்பத்திரிகள், 1,250 நோயாளிகள். வீட்டாருக்குப் பயிற்சி கொடுத்து அவர்களே மறுவாழ்வுப் பயிற்சியைத் தொடர்ந்தால் பலன் இருக்குமா என்று பார்த்தார்கள். ஆறு மாதத்தில் இறப்பிலோ பிறரைச் சார்ந்திருப்பதிலோ வித்தியாசம் இல்லை. மகளிடமோ மருமகளிடமோ ஒரு தாளில் உடற்பயிற்சிப் படம் வரைந்து கொடுத்து அனுப்புகிற நாம் எல்லோரும் படிக்க வேண்டிய ஆய்வு இது. வீட்டாரை விலக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. அவர்கள் தலையில் முழுச் சிகிச்சையையும் இறக்கிவைத்தால் போதும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை என்கிறது.

அதனால் ஸ்ட்ரோக் பார்ப்பவர்கள் 'ஸ்ட்ரோக்', 'இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் ஸ்ட்ரோக்' இரண்டின் பொருளடக்கத்தையாவது மெயிலில் வரவழைக்க வேண்டும். லான்செட், பி.எம்.ஜே. போன்ற பொது மருத்துவ இதழ்களுக்கு, மருத்துவக் கட்டுரைகளின் இலவசத் தேடுதளமான பப்மெட்டில் தேடல் சொல்லைச் சேமித்து வைத்தால் போதும். புதிதாக வரும்போது தகவல் வந்துவிடும்.

முழுக் கட்டுரைக்குப் பணம் கேட்கிறது. என்ன செய்வது?

வரிசையாக இப்படிப் போங்கள். முதலில் கட்டுரையின் தலைப்பை அப்படியே பப்மெட்டில் போட்டு, 'ஃப்ரீ பிஎம்சி ஆர்ட்டிகிள்' என்ற அடையாளம் இருக்கிறதா பாருங்கள் (பிஎம்சி என்பது முழுக் கட்டுரைகளை இலவசமாகத் தரும் களஞ்சியம்). இல்லையென்றால் உலாவியில் 'அன்பேவால்' நீட்சியைச் சேர்த்துவிட்டு ஜர்னல் பக்கத்தைத் திறங்கள். சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பிரதி எங்காவது இருந்தால் ஓரத்தில் பச்சைப் பூட்டு தெரியும். அதுவும் இல்லையென்றால் தொடர்பு ஆசிரியருக்கு மூன்று வரி மெயில்: நீங்கள் யார், எந்தக் கட்டுரை, எதற்கு வேண்டும். பெரும்பாலானவர்கள் அனுப்பிவிடுவார்கள். ஆசிரியர் தன் கட்டுரையைத் தனிப்பட்ட முறையில் கேட்பவருக்கு அனுப்புவது வழக்கமான ஒன்றுதான், கூச்சப்பட வேண்டாம். பல ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வுகள் வெளிவந்து 12 மாதம் கழித்து இலவசமாகும். அவற்றில் சிலவற்றுக்கு எளிய நடைச் சுருக்கம் தமிழிலும் இருக்கிறது. நோயாளியின் வீட்டாருக்கு வாசித்துக் காட்ட உகந்தது.

2025 ஜனவரியில் தொடங்கிய மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 30 வெளியீட்டாளர்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள் அதில் அடங்கும். அரசு நடத்தும் உயர்கல்வி நிறுவனங்கள், மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்கள் ஆகியவற்றின் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கும்தான் அது. தனியார் கிளினிக்குக்கோ தனியார் கல்லூரிக்கோ இப்போதைக்குப் பொருந்தாது. அரசுக் கல்லூரியில் மேற்படிப்பு படிப்பவர்கள் நூலகரிடம் கேட்டுத் தங்கள் லாகினை வாங்கிக்கொள்ளுங்கள். கையில் இருப்பதே தெரியாமல் படிப்பை முடித்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

இம்பாக்ட் ஃபேக்டர் அதிகமாக இருந்தால் நல்ல ஜர்னல்தானே?

அது ஒரு சராசரி, அவ்வளவுதான். 2024-க்கான எண் எப்படி வருகிறதென்றால், 2022, 2023 இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளை 2024-இல் மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதை, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். ஒன்றிரண்டு கட்டுரை மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டால் எண் ஏறிவிடும். நீங்கள் கையில் வைத்திருக்கும் கட்டுரையின் தரத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. புற்றுநோய், இதயநோய் இதழ்களோடு மறுவாழ்வு இதழ்களை ஒப்பிடுவதிலும் அர்த்தமில்லை. நம் துறையில் எழுதுபவர்களே குறைவு.

போலி ஜர்னலை எப்படிக் கண்டுபிடிப்பது?

"மதிப்பிற்குரிய டாக்டர்" என்று ஆரம்பித்து, ஏழு நாளில் பிரசுரம் என்று வாக்குக் கொடுக்கும் மெயில் வந்தால் சந்தேகப்படுங்கள். பிசியோதெரபி, விவசாயம், மேலாண்மை மூன்றையும் ஒரே இதழ் போடுகிறதா? கட்டணம் எவ்வளவு என்பதைக் கட்டுரை ஏற்கப்பட்ட பிறகுதான் சொல்கிறார்களா? 'குளோபல் இம்பாக்ட் ஃபேக்டர்' என்று அசல் இம்பாக்ட் ஃபேக்டரை வெளியிடும் கிளாரிவேட் நிறுவனத்தினுடையது அல்லாத ஓர் எண்ணை முகப்பில் போட்டிருக்கிறார்களா? இவற்றில் ஒன்று இருந்தாலே நின்று யோசிக்க வேண்டும்.

சோதிக்க மூன்று இடங்கள் போதும். இலவச இதழ் என்றால், தரம் பார்த்துச் சேர்க்கப்படும் இலவச இதழ்களின் பட்டியலான டோஏஜேயில் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் கேட்டலாக்கில் ஜர்னல் பெயரைப் போட்டு, இப்போது மெட்லைனில் (அந்த நூலகம் தேர்ந்தெடுத்த இதழ்களின் தொகுப்பில்) சேர்க்கப்படுகிறதா என்று பாருங்கள். ஐஎஸ்எஸ்என் (இதழ்களுக்கான தனி அடையாள எண்) தளத்தில் எண்ணும் பெயரும் இணையதள முகவரியும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா பாருங்கள். நல்ல ஜர்னலின் பெயரையும் எண்ணையும் திருடி வேறு முகவரியில் கடை விரிப்பவர்கள் உண்டு. "பப்மெட்டில் வருகிறதே" என்பது ஆதாரமாகாது. தனிக் கட்டுரைகள் பிஎம்சி வழியாகவும் பப்மெட்டுக்குள் வந்துவிடும். கூகுள் ஸ்காலரில் வருவது அதைவிடக் குறைந்த சான்று. பல்கலைக்கழக மானியக் குழு அங்கீகரித்த இதழ்களின் பட்டியலான யுஜிசி கேரை நம்பி இருந்தவர்கள் கவனிக்க: 2025 பிப்ரவரியில் அது கைவிடப்பட்டது.

தவறு தெரிந்து ஜர்னலே திரும்பப் பெற்ற கட்டுரைகளும் ஒரு தொல்லை. ஆதாரங்களைச் சேமிக்க 'ஸோடெரோ' என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினால், நீங்கள் சேமித்த கட்டுரை பின்னால் திரும்பப் பெறப்பட்டாலும் சிவப்புப் பட்டையில் எச்சரிக்கை காட்டும்.

ஒரு கட்டுரையில் எதை முதலில் படிக்க வேண்டும்?

சுருக்கத்தின் கடைசி வரியை மட்டும் படிப்பதுதான் பெரும்பாலானோர் வழக்கம். அதுதான் எழுதியவரின் விருப்பம் அதிகமாகக் கலக்கும் இடம். நேராக முடிவுகள் அட்டவணைக்குப் போங்கள்.

கணக்குக்காக ஓர் ஆய்வைக் கற்பனை செய்துகொள்வோம். முட்டி வலியை 0 முதல் 100 வரை அளக்கிறார்கள். இரு குழுவும் 60-இல் தொடங்குகின்றன. எட்டு வாரம் கழித்துப் புதுச் சிகிச்சைக் குழு 35, பழைய சிகிச்சைக் குழு 40. வித்தியாசம் 5, நம்பிக்கை இடைவெளி (உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய எல்லை) 0.5 முதல் 9.5 வரை, பி மதிப்பு (வித்தியாசமே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவோ அதற்கு மேலோ வரும் வாய்ப்பு) 0.03. சுருக்கத்தில் "குறிப்பிடத்தக்க முன்னேற்றம்" என்று எழுதுவார்கள். ஆனால் 100-க்கு 5 என்பது பெரும்பாலான நோயாளிகள் உணரவே முடியாத அளவு. இடைவெளியின் மேல் எல்லையான 9.5-ஐ எடுத்துக்கொண்டாலும் பெரிய மாற்றமென்று சொல்ல முடியாது. 60-இலிருந்து 35-க்கு 25 புள்ளி இறங்கியதைப் பார்த்து மயங்க வேண்டாம். அதில் 20 புள்ளி பழைய சிகிச்சையிலும் இறங்கியிருக்கிறது. நோயாளி உணரும் குறைந்தபட்ச மாற்றம் எவ்வளவு என்பதை ஒவ்வொரு அளவுகோலுக்கும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். உதாரணமாக, நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளின் ஆறு நிமிட நடைச் சோதனையில் அது 30 மீட்டர் அளவில் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

அடுத்தது, கொடுத்த சிகிச்சையை உங்களால் நாளைக் காலையில் அப்படியே செய்ய முடியுமா? "பலப்படுத்தும் உடற்பயிற்சி கொடுக்கப்பட்டது" என்று மட்டும் இருந்தால் அந்தக் கட்டுரையால் பயனில்லை. எந்த அசைவு, எவ்வளவு எடை, எத்தனை தடவை, எத்தனை செட், வாரத்துக்கு எத்தனை நாள், வலி வந்தால் எடையைக் குறைத்தார்களா, எத்தனை பேர் பாதியில் விட்டார்கள், யார் கற்றுக்கொடுத்தது: இவை வேண்டும். இதற்கென்றே 2014-இல் டைடியர் என்ற 12 அம்சப் பட்டியலும், 2016-இல் உடற்பயிற்சிக்கு மட்டுமான செர்ட் என்ற 16 அம்சப் பட்டியலும் வந்தன. செர்ட்டை அச்சிட்டு மேசையில் ஒட்டி வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். பாதிக் கட்டுரைகள் உங்கள் கையிலிருந்து தாமாகவே நழுவும்.

இந்தியாவில் நடந்த ஆய்வென்றால் சிடிஆர்ஐ (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு எண்ணை எடுத்து அந்தத் தளத்தில் பாருங்கள். 2018 ஏப்ரல் முதல் முன்கூட்டியே பதிவு செய்வது கட்டாயம். பதிவில் முதன்மை அளவாக "வலி" என்றிருந்து, கட்டுரையில் "அசைவின் கோணம்" என்று மாறியிருந்தால், எதிர்பார்த்தது வராததால் வந்ததைத் தூக்கிப் பிடிக்கிறார்களோ என்று சந்தேகிக்க இடமுண்டு.

பெட்ரோ மதிப்பெண் 6-க்கு மேல் இருந்தால் நம்பலாமா?

பெட்ரோ, சிட்னியிலிருந்து 1999 முதல் இயங்கும் இலவசத் தரவுத்தளம். பிசியோதெரபி பற்றிய ஆய்வுகளைத் தேட அதைவிடச் சுலபமான இடம் இல்லை. அதன் அளவுகோலில் 11 கேள்விகள், ஆனால் மதிப்பெண் 10-க்குத்தான். யாரைச் சேர்த்தார்கள் என்ற முதல் கேள்வி கணக்கில் வராது. உடற்பயிற்சி ஆய்வில் நோயாளியிடமும் சிகிச்சை கொடுப்பவரிடமும் எது எந்தச் சிகிச்சை என்பதை மறைக்க முடியாது. அதனால் அந்த இரண்டு புள்ளி போய், நடைமுறையில் 8-தான் உச்சம். மதிப்பெண்ணைவிட இரண்டு கேள்விகளை உற்றுப் பாருங்கள்: குழு ஒதுக்கீடு மறைக்கப்பட்டதா (அடுத்த நோயாளி எந்தக் குழுவுக்குப் போவார் என்பது சேர்ப்பவருக்கு முன்கூட்டித் தெரியாமல் இருந்ததா), 85 சதவீதத்துக்கு மேற்பட்டோரிடம் கடைசி அளவீடு எடுக்கப்பட்டதா. இவை இரண்டும் இல்லாத 6, எங்கள் கணக்கில் 6 ஆகாது.

வெளிநாட்டு ஆய்வு நம்மூர் நோயாளிக்குப் பொருந்துமா?

உடம்பின் செயல்பாடு பொருந்தும். வாழ்க்கை பொருந்தாது, அங்கேதான் கவனம் வேண்டும். முட்டித் தேய்மான ஆய்வுகளில் அதிகம் வரும் வோமேக் கேள்வித்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 24 கேள்விகள்: வலிக்கு 5, இறுக்கத்துக்கு 2, செயல்பாட்டுக்கு 17. மாடிப்படி, கார், கடைக்குப் போவது, சாக்ஸ் மாட்டுவது எல்லாம் கேட்கிறது. சம்மணமிட்டு உட்காருவதும் குத்தவைத்து எழுவதும் அதில் இல்லை. அண்டி ஆபீஸில் உட்கார்ந்து பருப்பு உரிக்கும் அக்காவுக்கு அந்த இரண்டும்தான் பிழைப்பு. ஆய்வில் வோமேக் மதிப்பெண் நன்றாகக் குறைந்திருந்தாலும் அவர் வேலைக்குத் திரும்ப முடிந்ததா என்று உங்களுக்குத் தெரியாது. அதனால் ஆய்வின் அளவோடு, தரையிலிருந்து கைப்பிடி இல்லாமல் எழுகிறாரா, எத்தனை நிமிடம் சம்மணம் தாங்குகிறது என்பதையும் நீங்களே முதல் நாளும் ஆறாவது வாரமும் குறித்து வையுங்கள்.

எல்லையில் இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ் பேசி வளர்ந்து மலையாளத்தில் பள்ளி படித்தவர்கள், அதற்கு நேர்மாறானவர்கள் என்று இரு வகையும் வருவார்கள். கேள்வித்தாளின் தமிழ் வடிவத்தை நீங்களே வாய்க்கு வந்தபடி மொழிபெயர்த்தால் அதன் மதிப்பெண்ணை எந்த ஆய்வோடும் ஒப்பிட முடியாது. சரிபார்க்கப்பட்ட வடிவம் இருக்கிறதா என்று பப்மெட்டில் கேள்வித்தாளின் பெயரோடு மொழியின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். நோயாளி எந்த மொழியில் சரளமாக வாசிக்கிறாரோ அந்த வடிவத்தையே முதல் முறையும் கடைசி முறையும் கொடுங்கள்.

வர்ம ஆசானிடம் போய்விட்டு வருபவர்கள் நிறைய. அதைப் பற்றி எங்கே படிப்பது?

'ஜர்னல் ஆஃப் ஆயுர்வேதா அண்ட் இன்டகிரேட்டிவ் மெடிசின்' இலவசமாகக் கிடைக்கும், பாரம்பரிய மருத்துவ ஆய்வுகளுக்கு அதைப் பார்க்கலாம். வர்மத்தைப் பற்றிப் பெரிய அளவிலான ஒப்பீட்டு ஆய்வுகளை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் எந்த இடத்தில், எத்தனை நாள், எண்ணெய் மட்டுமா அல்லது கட்டும் போட்டார்களா என்று நோயாளியிடம் மரியாதையாகக் கேட்டுக் குறித்துக்கொள்வது உங்கள் கடமை. எலும்பு முறிவு சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே பார்க்காமல் கைவைக்காதீர்கள்.

ஏஐ கொடுக்கும் சுருக்கத்தைப் படித்தால் போதாதா?

தேட உதவும். இல்லாத கட்டுரையை இருப்பதாகச் சொல்வதும், எண்களை மாற்றிச் சொல்வதும் அதில் நடக்கும். அது காட்டும் ஒவ்வொரு கட்டுரையும் பப்மெட்டில் இருக்கிறதா என்று பார்த்து, அட்டவணையை நீங்களே படித்த பிறகு நோயாளியிடம் போங்கள்.

எத்தனை ஜர்னல், வாரத்துக்கு எவ்வளவு நேரம்?

பொது இதழ் ஒன்று, உங்கள் நோட்டில் முதலிடத்தில் இருக்கும் பிரச்சினைக்கு ஒன்று, பப்மெட் சேமிப்புத் தேடல் ஒன்று. வாரத்துக்கு நாற்பது நிமிடம். அதில் பத்து நிமிடம் தலைப்புகளுக்கு, முப்பது நிமிடம் ஒரே கட்டுரைக்கு. முடிந்தால் அக்கம்பக்கத்து கிளினிக்குகளில் நான்கைந்து பேர் சேர்ந்து மாதம் ஒரு கட்டுரை படியுங்கள். ஒருவர் அட்டவணை, ஒருவர் சிகிச்சை அளவு, ஒருவர் பதிவு எண் என்று பிரித்துக்கொண்டால் முக்கால் மணி நேரத்தில் முடியும். கூட்டம் முடியும்போது "வரும் வாரம் எந்த நோயாளிக்கு எதை மாற்றப்போகிறோம்" என்று ஒரு வரி எழுதி வையுங்கள். "எதுவும் மாற்ற வேண்டாம்" என்பதும் சரியான பதில்தான்.

ஒரு வழிகாட்டி எவ்வளவு பழையதானால் விட்டுவிட வேண்டும்?

ஆண்டை மட்டும் பார்த்து விட வேண்டாம். தோள் இறுக்கத்துக்கான ஜே.ஓ.எஸ்.பி.டி. வழிகாட்டி 2013-இல் வந்தது. சர்க்கரை நோயாளிகளுக்கு அந்தப் பிரச்சினை அதிகம் என்பது, தோள் எவ்வளவு எளிதில் வலிக்கிறது என்ற நிலைக்கு ஏற்ப நீட்டும் அழுத்தத்தை வைக்க வேண்டும் என்பது போன்ற அடிப்படைகள் இன்றும் உதவும். ஆனால் ஊசி, உடற்பயிற்சி பற்றிய ஒப்பீடுகளுக்கு அதற்குப் பின் வந்த தொகுப்பாய்வுகளைப் பெட்ரோவில் தேடிச் சேர்த்துப் படிக்க வேண்டும். வழிகாட்டியைத் திறந்ததும் அவர்கள் ஆய்வுகளைத் தேடி முடித்த மாதம் எது என்று முறைகள் பகுதியில் பாருங்கள், அது வெளியீட்டுத் தேதிக்கு ஒரு வருடமோ அதற்கும் மேலோ முந்தியிருக்கலாம். அந்த மாதத்திலிருந்து இன்று வரை பெட்ரோவில் தேடினால் போதும்.